இரண்டு கை கேட்கும் மெஷின்

பற்களுக்கு நடுவே துணி.
நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணி,
கட்டைவிரல் அகலம்.
அதில் ஒரு பொத்தான், நூல் விடாமல்.

"ஓடவில்லை" என்று மட்டும்தான்
சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.
ஒயிட்ஃபீல்டில் ஏதோ அடுக்ககம்.
வேலிச்செடி வெட்டும் மெஷின், பேட்டரி தனிப்பையில்.

முன்பிடியில் சைக்கிள் டியூப்
ஏழெட்டுச் சுற்று, இறுக்கி முடிச்சிட்டு.
அறுத்தெடுக்க எனக்கே பிளேடு தேவைப்பட்டது.
எஸ்.ஜே.பி. ரோட்டில் பதினோரு வருஷம்;
காவலை ஏமாற்றிய மெஷின்கள்தான்
என் பிழைப்பில் பாதி.
சாவித் துளையில் ஆணி பார்த்திருக்கிறேன்.
மரம் அறுக்கும் ரம்பத்தின் பூட்டில்
யாரோ மென்று ஒட்டிய பபிள்கம்,
பல் பதிந்த தடத்தோடு.

இதற்கு ஒரு குணம்:
ஒரு கை சொன்னால் கேட்காது.
பின்பிடியில் ஒரு விசை, முன்பிடியில் ஒரு விசை,
சேர்ந்து அமுக்கினால்தான் கத்தி அசையும்.
இரண்டு கையும் பிடியில் இருக்கையில்
பல்லின் பக்கம் போக
மூன்றாவது கை எவருக்கும் இல்லை.
அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.
ஒன்றை விட்டால்
மூச்சு இழுப்பதற்குள் செத்தது போல் நிற்கும்.

மறுநாள் எடுக்க வந்தவள்
சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டிருந்தாள்.
நீலக் கட்டம்.
இடது மணிக்கட்டில் சட்டைக்கை
பிசிர் பிசிராய் முடிந்தது.
பெயர் சௌடம்மா, முளபாகல் பக்கம்.
கூட வந்த சூப்பர்வைசர்
வாசலில் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

துணியை மேஜையில் வைத்தேன்.
அவள் துணியைப் பார்த்தாள்,
பிறகு வாசலை.

"முகம் தொடைக்கக் கீழ வெச்சேண்ணா.
எடுக்கறப்போ பின்னாடி வெரல் பட்டுது.
முழிச்சிக்கிச்சு."

கைக்கு என்ன ஆயிற்று என்றேன்.
"கை இதெ" என்றாள் கன்னடத்தில்,
விரித்துக் காட்டி.
இருக்கிறது என்று அர்த்தம்.
என் தமிழ்க்காதில் விழுந்தது
இதே கை என்று.

என்னிடம் ஒரு பிரசங்கம் உண்டு,
டியூப் கட்டும் எல்லோருக்கும் சொல்வது.
வாயைத் திறந்தும்விட்டேன்.
அதற்குள் அவள் முன்பிடியைப் பிடித்துக் காட்டினாள்.
உள்ளங்கை பிடியில் இருந்தால்
விரல்நுனி விசையைத் தொட மட்டும் செய்கிறது.
அமுக்க வேண்டுமென்றால்
உள்ளங்கை பிடியை விட வேண்டும்.
நானூறு அடி டுராண்டா வேலி,
காலை ஏழிலிருந்து.

செய்தவன் அளந்துதான் செய்திருப்பான்.
எவன் கையை அளந்தானோ.

பிரசங்கத்தை விழுங்கிவிட்டு ஸ்கேலை எடுத்தேன்.
பதினாலு மில்லிமீட்டர் குறைகிறது.
பழைய மிக்சி மூடியில் ஒரு துண்டு வெட்டி,
ஓரம் ராவி,
விசையின் மேல் இரண்டு திருகில் ஏற்றினேன்.
ஸ்பிரிங்கைத் தொடவில்லை.
விட்டால் அது திரும்பியாக வேண்டும்.

பேட்டரி போட்டுக் கொடுத்தேன்.
பின்கை மட்டும்: சத்தமில்லை.
முன்கையும் சேர: உறுமல்.
முன்விரலை எடுத்தாள், அடங்கியது.
மறுபடி. மறுபடி.
உள்ளே வந்த சூப்பர்வைசர்
விளையாடறியா என்றான்.
அவள் இன்னொரு தடவையும் செய்து பார்த்தாள்.

என்ன கோளாறு என்று கேட்டான்.
பல்லில் குச்சி என்று பில்லில் எழுதினேன்.
கூலி நூற்றெண்பது.

போகும்போது பொத்தானை மட்டும்
நூலிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டாள்.
டியூப்பைக் கேட்கவில்லை.

சுருட்டி டிராயரில் போட்டேன்.
ஏற்கெனவே நிறைய இருக்கிறது அங்கே,
சரியாக மூடுவதில்லை.
யாருடைய கை எவ்வளவு என்று
அவற்றில் ஒன்றைக்கூட
நான் கேட்டு வைத்ததில்லை.